மேட்டூர் தொறக்காத ஜூன்ல எங்க ஃபோர்காஸ்ட் ஏன் விழுந்துச்சு: டெல்டா மெஷின் கம்பெனி ஒண்ணோட ரெவ்ஆப்ஸ் கேஸ்

2024 ஏப்ரல்ல, ஜூனுக்குள்ள எவ்வளவு விக்கும்னு நான் கையெழுத்து போட்டுக் கொடுத்த ஃபோர்காஸ்ட், ஜூன் கடைசியில பாதிக்குக் கூட வரல. தஞ்சாவூர் ஹெட் ஆபீஸ் மாடியில ரிவ்யூ, பிராஞ்ச் மேனேஜருங்க எல்லாரும் வந்திருந்தாங்க, வரிசையா ஒரே காரணத்தைத்தான் சொன்னாங்க, மேட்டூர் தொறக்கல சார், தண்ணி இல்லாம யாரு நடவு மெஷின் வாங்குவா. அது பொய்யும் இல்ல. வழக்கமா ஜூன் 12ல தொறக்கற அணை அந்த வருஷம் தொறக்கல, ஜூலை 28தான் தொறந்தாங்க, அதுக்கப்புறம் ரெண்டு நாள்ல 120 அடி நெறஞ்சு வழிஞ்சது வேற விஷயம். ஜூன்ல ஆரம்பிக்கற குறுவை நடவுக்கு அது உதவல.

ஆனா எனக்கு அந்த பதில்ல மனசு ஒப்பல. ஏன்னா கும்பகோணம் பக்கமும் குறைஞ்சிருந்துச்சு. கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் பக்கம்லாம் ஃபில்டர் பாயிண்ட் போர், அதாவது ஆழம் கம்மியான குழாய்க் கிணறு, நெறைய, ஆத்துல தண்ணி வரலன்னாலும் மோட்டார் ஓட்டி குறுவை நட்டுடுவாங்க, அந்த வருஷமும் நட்டாங்க. நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை, வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம், பல ஊர்ல நெலத்தடி தண்ணியே உப்பு, அவங்களுக்கு வாய்க்கால் தண்ணி வந்தாதான் வெள்ளாமை. அப்போ மேட்டூர்தான் காரணம்னா கடைமடை பிராஞ்ச் விழுந்து போர் இருக்கற பிராஞ்ச் நிக்கணும். ரெண்டும் சேந்து விழுந்திருக்கு. அப்போ தண்ணிக்கு மேல வேற ஏதோ ஒண்ணு இருக்குன்னு அன்னிக்கு ராத்திரியே தோணிடுச்சு. இந்த கேஸ் அந்த "வேற ஏதோ ஒண்ணு" பத்தினது.

கம்பெனி எப்படி இருந்துச்சு

நாங்க விக்கறது நடவு மெஷின், பவர் டில்லர், பவர் வீடர், ரோட்டவேட்டர், ஸ்பிரேயர். தஞ்சாவூர்ல ஒரே ஷோரூமா இருந்தது கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, நாகைன்னு கொஞ்ச வருஷத்துல பரவிடுச்சு. சேல்ஸ் பசங்க 15 பேரு இருந்த எடத்துல 40 பேரு கிட்ட ஆயிட்டாங்க. முதலாளி ஒவ்வொரு விவசாயியையும் பேர் சொல்லி கூப்பிட்ட காலத்துல சிஸ்டம் தேவைப்படல, அவரே சிஸ்டம். 40 பேர் ஆனப்போதான் சிஆர்எம், அதாவது வாடிக்கையாளர் விவரமும் டீலும் பதியற சாஃப்ட்வேர், வாங்குனாங்க, ரெவ்ஆப்ஸ்னு (ரெவின்யூ ஆபரேஷன்ஸ், விற்பனைக் கணக்கையும் ஃபோர்காஸ்ட்டையும் பார்க்கற வேலை) மூணு பேர் டீம் போட்டாங்க, அது ஃபைனான்ஸ் கீழ. சேல்ஸ் பசங்களுக்கு பயிற்சியும் காட்டிப் பேச வேண்டியதும் குடுக்க சேல்ஸ் எனேபிள்மென்ட்னு ரெண்டு டிரெயினர், ஒரு கன்டென்ட் பொண்ணு, அது ஹெச்ஆர் கீழ. ரெண்டும் ஒரே மாடியில இருந்தாலும் பேசிக்கவே பேசிக்காது. ரெவ்ஆப்ஸ் எண்ணு பார்க்கும், எனேபிள்மென்ட் வகுப்பு எடுக்கும், எந்த எண்ணு எதனால நிக்குதோ அதுக்கு வகுப்பு எடுக்கணும்னு யாரும் கேக்கல. ரெண்டு டீமையும் என்கிட்ட குடுத்தது அந்த ஏப்ரல்லதான்.

கொட்டேஷன் யாருக்கு

ஜூலை முழுக்க நாங்க பண்ண வேலை ஒண்ணே ஒண்ணு. ஜூன்ல முடியும்னு போட்டு முடியாம போன டீல் ஒவ்வொண்ணையும் எடுத்து, ரெவ்ஆப்ஸ்ல ஒருத்தர் எனேபிள்மென்ட்ல ஒருத்தர்னு ஜோடி போட்டு அந்த விவசாயி வீட்டுக்கே போய் பேசறது. விக்கப் போகல, கேக்க மட்டும் போனோம். நூத்துக்கு மேல வீடு. வெயில்ல பைக்ல அலைஞ்சு டீம் நொந்துடுச்சு, ஆனா என் வேலை வாழ்க்கையில நான் உருப்படியா செலவழிச்ச மாசம் அது.

எங்க சிஆர்எம்ல ஒரு டீல் தாண்டற ஸ்டேஜ் இப்படி இருந்துச்சு, விசாரணை, டெமோ, கொட்டேஷன், பேச்சு, புக்கிங். ஒவ்வொண்ணுக்கும் டீல் முடியற வாய்ப்பு இவ்வளவுன்னு ஒரு சதவீதம், கொட்டேஷன் கொடுத்தாலே 50, பேச்சு ஆரம்பிச்சா 70. அந்த சதவீதம் எங்க அனுபவத்துல இருந்து வந்தது இல்ல, சாஃப்ட்வேர் வாங்குறப்போ அதுலயே போட்டு வந்தது, யாரும் மாத்தல. இப்போ கணக்கு பாருங்க, 3 லட்ச ரூபா மெஷின் 10 டீல் பேச்சுல இருந்தா சிஸ்டம் தானா 21 லட்சம் வரும்னு காட்டும். அந்த 21 லட்சத்தை நம்பி நாங்க ஸ்டாக் எறக்குவோம்.

விவசாயி வீட்டுல ஒக்காந்து கேட்டா கதையே வேற. நாங்க குடுத்த கொட்டேஷனை பல பேரு வாங்கினது மெஷின் வாங்க முடிவு பண்ணி இல்ல. பேங்க்ல லோன் கேட்டா கொட்டேஷன் கொண்டா தம்பின்னு சொல்லியிருக்காங்க, அதுக்கு ஒண்ணு. மானியத்துக்கு எழுதி வச்சு பார்ப்போமேன்னு ஒண்ணு. பக்கத்து கடையில வெலை கொறைக்க ஒண்ணு. நம்ம பையன் போய் நிக்கறான் வெறுங்கையோட அனுப்பக் கூடாதேன்னு பாவப்பட்டு வாங்கினவங்க கூட உண்டு, ஒரு பெரியவர் அதை என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. எங்க ஸ்டேஜ் எல்லாமே எங்க பையன் என்ன பண்ணான்னு அளந்துச்சு, வாங்கறவர் என்ன பண்ணாருன்னு ஒண்ணு கூட அளக்கல. பையன் டெமோ காட்டுனான், பையன் கொட்டேஷன் குடுத்தான், பையன் பேசுனான். அவர் ஒரு அடி கூட எடுத்து வைக்காமலே டீல் 70 சதவீதத்துக்கு ஏறிடும்.

இதுக்கு மேல நாங்களே ஒரு தப்பையும் சேத்து வச்சிருந்தோம். டார்கெட்டுக்கு மூணு மடங்கு பைப்லைன், அதாவது இன்னும் முடியாம ஓடிட்டிருக்கற டீலோட மதிப்பு, இருக்கணும்னு மேனேஜர்களுக்கு விதி. ரெண்டு மடங்குதான் இருந்தா திட்டு விழும். அப்போ என்ன ஆகும், மாசக் கடைசியில கொட்டேஷன் மழையா பொழியும். புக்கிங்குக்கு இன்சென்டிவ் வேற இருந்துச்சு, டோக்கன் அட்வான்ஸ் வந்தாலே புக்கிங். அக்கவுண்ட்ஸ் லெட்ஜரை எடுத்து சிஆர்எம்மோட ஒட்டிப் பார்த்தப்போ 30ஆம் தேதி வந்த டோக்கன் 5ஆம் தேதி திரும்பிப் போயிருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல. நான் பசங்கள குத்தம் சொல்ல மாட்டேன். அந்த விதியை வச்சது நாங்க, அந்த விதி என்ன கேட்டுச்சோ அதைத்தான் அவங்க குடுத்தாங்க. இன்சென்டிவை டெலிவரிக்கும், மொத சீசன் சர்வீஸ் விசிட் முடிஞ்சதுக்கும் பாதி பாதியா மாத்தினோம், மூணு மடங்கு விதியை எடுத்தோம். ரெண்டு மாசம் டேஷ்போர்டு பாக்கவே பரிதாபமா இருந்துச்சு, பைப்லைன் சுருங்கிடுச்சு, முதலாளி கூப்பிட்டு என்னப்பா இதுன்னாரு. இப்போதான் சார் உண்மை தெரியுதுன்னு சொன்னேன், நம்பி விட்டாரு.

நோட்டும் மாவும்

மன்னார்குடியில ஒரு சீனியர் அண்ணன், சிஆர்எம்ல ஒரு வரி கூட ஒழுங்கா போட மாட்டாரு. அவர் மேல கம்ப்ளெயின்ட் வராத மாசமே இல்ல. ஆனா அவர் வாயால சொல்ற எண்ணிக்கை மட்டும் தப்பாது. அவர் பையில ஒரு நீள நோட்டு. கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு விவசாயிக்கும் எழுதியிருக்காரு: போரா வாய்க்காலா, நடவா நேரடி விதைப்பா, பட்டா யார் பேர்ல, வீட்டுல பணம் யார் கையில. மெஷின் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இந்த நாலு கேள்வியை அப்படியே சிஆர்எம்ல கட்டாய ஃபீல்டா ஆக்குனோம். கடைமடையில சம்பாவுக்கு நெறைய பேரு நேரடி விதைப்புக்கு போயிடுறாங்க, தண்ணி கடைசியில வர்ற ஊர்ல நாத்து விட்டு காத்திருக்க முடியாது. அவங்ககிட்ட போய் நடவு மெஷின் டெமோ போட்டா எப்படி விக்கும்? திருத்துறைப்பூண்டி பசங்க ஒரு வருஷமா அதைத்தான் பண்ணிட்டிருந்தாங்க, பாவம்.

ஆனா அந்த நோட்டுல ஒரு பெரிய குறை. வித்ததும் விக்கப் போறதும் மட்டும்தான் இருக்கும், கைவிட்டுப் போனதை அவர் அடிச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுவாரு. தோத்த டீல் எழுதாததால அவர்கிட்ட இருந்து இன்னொரு பையன் கத்துக்கவே வழியில்ல. அவரோட ஒக்காந்து அடிச்ச பேரையெல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்தி எழுத வச்சோம், ரெண்டு சாயங்காலம் ஆச்சு, எங்க எனேபிள்மென்ட் பாடத்துல பாதி அந்த அடிச்ச வரிகள்ல இருந்துதான் வந்துச்சு.

டேட்டா பத்தி இன்னொண்ணு சொல்லியே ஆகணும். நெலப்பரப்புன்னு ஒரு ஃபீல்டு, வெறும் எண்ணு மட்டும் போடலாம். நம்ம ஊர்ல யாரு ஏக்கர்ல பேசறா? மா கணக்குதான். ஒரு மா 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட், மூணு மா சேந்தாதான் ஒரு ஏக்கர். 20 மா ஒரு வேலி, அது ஆறரை ஏக்கருக்கு கொஞ்சம் மேல. விவசாயி பத்து மான்னு சொன்னா ஒரு பையன் 10னு போடுவான், இன்னொருத்தன் 3.3னு போடுவான், ரெண்டு வேலிக்காரரை ஒருத்தன் 2னு போட்டு வச்சிருந்தான். பரப்பு பெருசா இருந்தா முன்னுரிமைன்னு எங்க லீட் ஸ்கோர், யாரை மொதல்ல பார்க்கணும்னு சிஸ்டம் போடற மார்க்கு, ஓடிட்டிருந்துச்சு. அதாவது 13 ஏக்கர்காரர் அடியில, 3 ஏக்கர்காரர் மேல. இதை பெரிய டேஷ்போர்டு பார்த்து கண்டுபிடிக்கல, டீ குடிச்சுட்டே ஒரு விவசாயிகிட்ட பேசினப்போ தெரிஞ்சுது. ஃபீல்டு பக்கத்துலயே மா, ஏக்கர், வேலின்னு தேர்ந்தெடுக்கற மாதிரி வச்சோம், சிஸ்டம் மாத்திக்கும். அரை நாள் வேலை.

புது ஸ்டேஜ், புது வகுப்பு

இப்போ ஸ்டேஜ் எல்லாம் வாங்கறவர் செஞ்ச காரியம். தன் வயல்ல டெமோ கேட்டாரா. வீட்டுல முடிவு எடுக்கறவர் நம்மகிட்ட பேசிட்டாரா. சிட்டா, அடங்கல் எடுத்துட்டாரா. மானியம்னா அரசோட உழவன் ஆப்ல பதிஞ்சாச்சா, வேளாண் பொறியியல் துறை அனுமதி வந்துச்சா, லோன்னா பேங்க்ல பேப்பர் உள்ள போயிடுச்சா. ஒவ்வொண்ணுக்கும் சதவீதம் நாங்களே எங்க பழைய டீல்ல இருந்து எண்ணி எடுத்தோம், பிராஞ்சுக்கு பிராஞ்ச் வேற, போர் ஊருக்கும் கடைமடைக்கும் வேற.

ஸ்டேஜை மாத்தின ஒரு மாசத்துலயே டீல் எந்த எடத்துல நிக்குதுன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது, பட்டா, சான்றிதழ்னு பேப்பர் வேலையிலதான். விற்பனை வேகம்னு ரெவ்ஆப்ஸ்ல ஒரு கணக்கு உண்டு, எத்தனை டீல், ஒரு டீல் எவ்வளவு, எத்தனை ஜெயிக்குது, இந்த மூணையும் பெருக்கி எத்தனை நாள் ஆகுதுன்னு வகுக்கணும். நாங்க எப்பவும் முதல் மூணையே புடிச்சு தொங்கிட்டிருந்தோம், எங்க நோவு அந்த நாலாவதுல, நாள்ல. பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கும், இல்ல அண்ணன் தம்பி நாலு பேர் கூட்டுப் பட்டாவா இருக்கும், ஒருத்தர் திருப்பூர்ல இருப்பாரு. மானியத்துல பொதுவா 40 சதவீதம்னா சிறு குறு விவசாயிக்கு 50 வரைக்கும் கிடைக்கும், ஆனா சிறு குறு விவசாயின்னு சான்றிதழ் வாங்கணும். அனுமதி வந்தப்புறம்தான் மெஷின் எடுக்கணும்னு தெரியாம அவசரப்பட்டு எடுத்துட்டு மானியம் போனவங்களும் இருக்காங்க, அதை நாங்க சொல்லித் தந்திருக்கணும்.

அது வரைக்கும் எங்க டிரெயினிங் என்னன்னா புதுப் பையன் சேந்ததும் ரெண்டு வாரம் ஏசி ஹால்ல எஞ்சின் சிசி, கியர், நடவு இடைவெளி. கடைசி நாள் ஃபீட்பேக் பாரம், எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு. டிரெயினிங்கை நாலு படியா பார்க்கணும்னு கிர்க்பாட்ரிக்ங்கற அமெரிக்கப் பேராசிரியர் 1959லயே எழுதிட்டாரு, புடிச்சிருந்துச்சா, கத்துக்கிட்டாங்களா, வேலையில செய்றாங்களா, பலன் வந்துச்சா. நாங்க மொத படியிலயே நின்னு கை தட்டிட்டிருந்தோம். ஒரு தடவை படிச்சது திரும்ப தொடாம விட்டா எவ்வளவு சீக்கிரம் மறக்கும்னு எபிங்ஹாஸ்ங்கற ஜெர்மன் உளவியலாளர் 1885லயே காட்டிட்டாரு, எங்க பசங்களை மூணு வாரம் கழிச்சு கேட்டா நடவு இடைவெளி கூட சரியா சொல்லல.

ஹாலை விட்டோம். இப்போ வியாழக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம், அந்தந்த பிராஞ்ச்லயே. பாடம் என்னன்னு டிரெயினர் முடிவு பண்றது இல்ல. புதன்கிழமை சாயங்காலம் ரெவ்ஆப்ஸ் ஒரு ஷீட் அனுப்பும், உங்க பிராஞ்ச்ல இந்த வாரம் எந்த ஸ்டேஜ்ல அதிகம் நிக்குதுன்னு. அதுதான் பாடம். பேப்பர்ல நின்னா உண்மையான ஒரு ஃபைலை மேசையில கொட்டி எது குறையுதுன்னு பசங்களே கண்டுபிடிக்கணும். அடுத்த வாரம் அந்த ஸ்டேஜ் நகர்ந்துச்சான்னு அதே ஷீட்ல தெரியும். டிரெயினருக்கு மார்க்கு அதுதான். ரெண்டு டிரெயினர்ல ஒருத்தர் இது ஒத்துவரலன்னு போயிட்டாரு, நல்ல மனுஷன், வருத்தமா இருந்துச்சு, ஆனா பாதி வழியில நிறுத்தியிருந்தா இந்த மாத்தமே நின்னிருக்காது.

பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கம் இன்னொரு இடத்துல நின்னுச்சு, அது எங்களுக்கு புதுசு. அப்பாகிட்ட பேசி அவரும் தலையாட்டிடுவாரு, அப்புறம் சத்தமே இருக்காது. ஏன்னா பணம் அனுப்பறது சிங்கப்பூர்ல, துபாய்ல இருக்கற மகன். ராத்திரி வாட்ஸ்அப் கால்ல அப்பா மெஷின் பத்தி சொல்லும்போது எப்படிச் சொல்வாரு? நல்லா இருக்குடா, மூணு லட்சமாம். அவ்வளவுதான். மகன் பார்ப்போம்பான். எங்க கன்டென்ட் பொண்ணு 16 பக்க கலர் பிரவுச்சர் போடறதை நிறுத்திட்டு ஒரு நிமிஷ வீடியோ பண்ணுச்சு, அந்த விவசாயியோட சொந்த வயல்ல டெமோ ஓடறது, கடைசியில ஒரே ஒரு ஸ்லைடு, மெஷின் வெலை, மானியம் போக கையில போடறது எவ்வளவு, எத்தனை மா வாடகைக்கு ஓட்டினா போட்ட காசு திரும்பும். அப்பா அதை அப்படியே ஃபார்வர்டு பண்ணிடுவாரு. அப்பா ஒரு தடவை சொல்லி மகன் ஒரு தடவை கேட்டு நடுவுல கரைஞ்சு போனது இப்போ கரையறது இல்ல. இதுதான் எனேபிள்மென்ட்னு எனக்கு புரிஞ்ச நாள் அது, நம்ம பையன் நல்லா பேசறதுக்கு மட்டும் உதவினா பத்தாது, அவன் இல்லாத வீட்டுல நடக்கற பேச்சுக்கும் உதவணும்.

காலண்டர்

ஏப்ரல் ஜூன், ஜூலை செப்டம்பர்னு குவார்ட்டர் போட்டு டார்கெட் குடுக்கறதை ஃபைனான்ஸுக்காக வச்சிருக்கோம், ஃபீல்டுல சீசன்தான். குறுவை, சம்பா, தாளடி, அறுவடை. குறுவை ஃபோர்காஸ்ட்டை ரெண்டா எழுதறோம், மேட்டூர் ஜூன் 12ல தொறந்தா ஒண்ணு, தொறக்கலன்னா ஒண்ணு. மே மாசத்துல இருந்து வாரா வாரம் அணை மட்டத்தை ரெவ்ஆப்ஸ் ஷீட்ல மொத வரியா போடறோம். கடைமடை பிராஞ்ச் ஸ்டாக் அதைப் பார்த்துதான் எறங்கும்.

2025ல ஜூன் 12 அணை தொறந்தாச்சு. ஃபோர்காஸ்ட்டும் நிஜமும் நல்லா கிட்ட வந்துச்சு. எங்க வேலையாலதான்னு நான் மார் தட்ட மாட்டேன், தண்ணி வந்த வருஷம் அது. அதனால மறுபடியும் போர் ஊர் பிராஞ்சுகளை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தேன், அங்க 2024லயும் தண்ணி இருந்துச்சு 2025லயும் இருந்துச்சு, அங்கயும் இடைவெளி குறைஞ்சிருந்துச்சு. அது வரைக்கும் நம்பறேன்.

உண்மையான சோதனை ஆகஸ்ட்ல வந்துச்சு. 15ஆம் தேதி பிரதமர் ஜிஎஸ்டி மாத்தம் வரும்னு சொன்னாரு, செப்டம்பர் 3 கவுன்சில் முடிவு பண்ணுச்சு, டிராக்டர், விவசாய மெஷின் எல்லாம் 12ல இருந்து 5 சதவீதம், செப்டம்பர் 22ல இருந்து. ஒரே வாரத்துல கடைசி ஸ்டேஜ்ல டீல் குவிய ஆரம்பிச்சுது, எல்லா பேப்பரும் ரெடி, பணம் மட்டும் வரல. பழைய சிஸ்டமா இருந்தா அக்டோபர்லதான் தெரிஞ்சிருக்கும். மெஷினோட அடிப்படை வெலை 3 லட்சம்னா வரி 36,000 இருந்தது 15,000 ஆகும், 21,000 மிச்சம், யாரு விடுவா. ஆனா சம்பா நாத்து காத்திருக்காது. மெஷின் நடவுக்கு பாய் மாதிரி வளக்கற பாய் நாத்தங்கால்ல 15 நாள்ல நாத்து ரெடி, ரொம்ப முத்திட்டா மெஷின்ல சரியா புடிக்காது.

உள்ள பெரிய வாக்குவாதம். தெரியாதவங்களுக்கு நாமளா ஏன் சொல்லணும், குவார்ட்டர் போயிடும்னு சேல்ஸ் ஹெட். நான் சொல்லிடணும்னு நின்னேன், தீபாவளிக்குள்ள எப்படியும் தெரிஞ்சிடும், அப்போ அவர் வீட்டு வாசல்ல எங்க பையன்தான் நிக்கணும். கடைசியில டெமோ மெஷின் எல்லாத்தையும் வாடகை நடவுக்கு எறக்கினோம், இந்த நடவை இதுல முடிச்சுக்குங்க ஐயா, 22க்கு அப்புறம் பில் போட்டுக்கலாம்னு. அந்த வியாழன் எல்லா பிராஞ்ச்லயும் ஒரே பாடம், பழைய வரி புது வரி ஒரு பக்க கணக்கு, அதை எப்படி நேராச் சொல்றதுன்னு. செப்டம்பர் மொதல் மூணு வாரம் பில்லிங் காஞ்சு கெடந்துச்சு, 22ஆம் தேதி திங்கக்கிழமை காலையில கும்பகோணம் பிராஞ்ச் ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடியே ஆளுங்க வந்து நின்னாங்க.

இன்னும் நகராத ஒரு கூட்டம் இருக்கு. குத்தகை விவசாயிங்க, திருவாரூர், நாகை பக்கம் கோயில் நெலம், மடத்து நெலம் ஓட்டறவங்க. பட்டா அவங்க பேர்ல இல்ல, பேப்பர் ஸ்டேஜ்ல வந்து அப்படியே நிக்கறாங்க, பல பேரு நாங்க பார்த்ததுலயே நல்லா வெள்ளாமை பண்றவங்க. மெஷின் வாடகை மையம் நடத்தற உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் (விவசாயிங்களே சேந்து நடத்தற கம்பெனி) மூலமா குடுக்க முடியுமான்னு திருத்துறைப்பூண்டி பிராஞ்ச் ரெண்டு ஊர்ல பேசிட்டிருக்கு. இந்த வியாழன் பாடம் அதுதான்.